பழைய காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்துதல்: பெங்களூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்மினி, அம்பாசடர், ஹெரால்ட், கான்டெஸா போன்ற பழைய கார்களை வைத்திருந்து, அவற்றைத் தம் விருப்பப்படி மாற்றி ஓட்டும் பெங்களூர்த் தமிழர்கள் சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன. வண்டி சாலையில் ஓடப்போகிறது, அதில் ஆட்கள் ஏறப்போகிறார்கள் என்ற எண்ணத்துடன் எழுதப்பட்டவை இவை. கண்காட்சியில் நிறுத்துவதற்கு மட்டுமே வைத்திருக்கும் வண்டிக்கு இவற்றில் பாதி பொருந்தாது.

சஸ்பென்ஷனைத் தாழ்த்தும்போது உண்மையில் எது குறைகிறது?

பாடிக்கும் சாலைக்கும் இடையிலான உயரம் குறைகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் குறைவது, சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் தூரம். அதாவது ஆக்சிலுக்கும் அதற்கு மேலே, அது எல்லை மீறி ஏறாமல் தடுக்க வைத்த ரப்பர் கட்டையான பம்ப் ரப்பருக்கும் இடையிலான இடைவெளி. இந்த வேலையில் முதலில் அளக்க வேண்டியது அதைத்தான். வழக்கமாக ஏறும் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்து, டேங்க் நிறைந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

கணக்கு எளிமையானது, ஆனால் பலரை அதிர வைப்பது. வண்டி நிற்கும் நிலைக்கு மேல் ஸ்பிரிங் எவ்வளவு அடியை வாங்கிக்கொள்ளும் என்பது அந்த இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளி 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 25 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 50. பம்ப் ரப்பரில் மோதுவதற்கு முன் ஸ்பிரிங் தாங்கும் அடி முன்பிருந்ததில் 44 சதவீதமாகக் குறைந்துவிடும். 40 மில்லிமீட்டர் இறக்கினால் மிச்சம் 35. தாங்கும் அடி ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்து நிற்கும். ஸ்பிரிங்கை விறைப்பாக்கி இந்த இழப்பை முழுவதும் ஈடுகட்ட வேண்டுமானால் நான்கு மடங்குக்கு மேல் விறைப்பாக்க வேண்டும். அப்புறம் அது கார் அல்ல, டிராக்டர் டிரெய்லர்.

பெங்களூர்ச் சாலைகளுக்கு எவ்வளவு இறக்கலாம்?

அன்றாடம் ஓடும் வண்டிக்கு 25 மில்லிமீட்டர். ஷாக் அப்சார்பரையும் பம்ப் ரப்பரையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களுக்கு 40 வரை. என் கருத்தில் அதற்கு மேல் இந்த ஊரில் நியாயமில்லை.

வேகத்தடைதான் எல்லாருக்கும் முதல் கவலை. இந்திய சாலை காங்கிரஸின் அளவுப்படி கட்டிய வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான வளைவு. பத்மினியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.34 மீட்டர். வண்டி அந்த மேட்டின் நடுவே நிற்கும்போது சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருப்பதால், அடிவயிற்றுக்குள் மேடு வெறும் 4 சென்டிமீட்டர்தான் நீட்டிக்கொண்டு வரும். ஆகவே அளவுப்படி கட்டிய வேகத்தடை தாழ்த்திய வண்டிக்குப் பெரிய எதிரி அல்ல. தெருக்காரர்களே சிமெண்டைக் கொட்டி ஒரே இரவில் எழுப்பும் குறுகலான மேடுதான் எதிரி. அது அரை மீட்டர் அகலமே இருப்பதால், அது வண்டியின் நடுவில் வரும்போது நான்கு சக்கரங்களும் தட்டையான சாலையில் நிற்கும்; மேட்டின் முழு உயரமும் சைலன்சருக்கும் ஆயில் சம்புக்கும் கீழே நுழைந்து வெளியேற வேண்டும்.

பலர் கணக்கில் கொள்ளாதது அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளப் பார்க்கிங். 8 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு, நடுவே மென்மையான இணைப்பு இல்லாமல், நேராகச் சமதளத்தைச் சந்திக்கும் இடத்தில் அதே பத்மினிக்கு 7 சென்டிமீட்டர் போய்விடும். அளவான வேகத்தடை எடுப்பதைவிட இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வண்டியை நிறுத்தும் இடத்தின் சரிவை அளக்காமல் ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டாம்.

இப்போது இருக்கும் நிலையில் இறக்குவதற்கு இடம் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை இரண்டு விரல் தடிமனுக்கு உருட்டி, பம்ப் ரப்பரின் மேல் ஒட்டி, வழக்கமாகப் போகும் பாதையில் வழக்கமான வேகத்தில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். மாலையில் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதே விடை. முழுவதும் நசுங்கி, ரப்பரில் மோதிய பளபளப்பும் தெரிந்தால், தாழ்த்துவதற்கு முன்பே உங்கள் ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது என்று பொருள். நாற்பது, ஐம்பது வயதான வண்டிகளில் இது அரிதே அல்ல. அப்படிப்பட்ட வண்டி ஏற்கெனவே தாழ்ந்துதான் நிற்கிறது. இடது, வலது உயரங்களைச் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து ஒப்பிட்டால் இதுவும் புலப்படும்.

முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் "ஒரு சுத்து வெட்டிடலாம் சார்" என்கிறார்கள். வெட்டலாமா?

வெட்டலாம், ஆனால் எப்படி வெட்டுகிறார்கள், எவ்வளவு வெட்டுகிறார்கள், வெட்டிய பின் ஸ்பிரிங் தன் இருக்கையில் உட்காருகிறதா என்ற மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு அதில் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை எடுத்தால் அது 14 சதவீதம் விறைப்பாகும். அதாவது வெட்டிய ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்று சொல்பவர் தலைகீழாகச் சொல்கிறார். அந்தச் சிறிய விறைப்பு, இறக்கிய வண்டிக்கு ஓரளவு நல்லதே. பத்மினியில் இருப்பதைப் போன்ற இரட்டை விஷ்போன் அமைப்பில், அதாவது மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பில், ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் கீழ் ஆர்மின் உட்புறத்தில் உட்காரும் என்பதையும் மறக்கக் கூடாது. அது ஆர்மின் பாதித் தூரத்தில் இருந்தால், ஸ்பிரிங்கில் 10 மில்லிமீட்டர் குறைக்கும்போது வண்டி 20 மில்லிமீட்டர் இறங்கும். எனவே முழுச் சுற்றில் தொடங்காமல் கால் சுற்றில் தொடங்குவதே முறை. வெட்டியதை ஒட்ட முடியாது.

கேஸ் வைத்து வெட்டுவதும், வண்டியிலேயே வைத்து ஸ்பிரிங்கைச் சிவக்கக் காய்ச்சி உட்கார வைப்பதும் அடியோடு தவிர்க்க வேண்டியவை. ஸ்பிரிங் எஃகுக்கு அதன் குணம் பதப்படுத்தலால் வந்தது. சிவக்கக் காய்ந்த இடத்தில் அந்தப் பதம் போய்விடுகிறது. அன்று மாலை வண்டி அழகாக இறங்கி நிற்கும். பிறகு மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அல்ல. மெல்லிய கட்டிங் வீலால், ஈரத் துணி சுற்றி, நிறுத்தி நிறுத்தி வெட்ட வேண்டும்.

ஸ்பிரிங்கின் முனை தட்டையாகத் தீட்டப்பட்டதா, சுருண்டு குறுகியதா என்று பாருங்கள். குறுகிய முனையை வெட்டிவிட்டால் அது இருக்கையில் பொருந்தாது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ஆடினால் அந்த வேலை முடியவில்லை என்று பொருள். ஒரு குழியில் சக்கரம் தொங்கி மீளும்போது ஸ்பிரிங் இருக்கை மாறி உட்காரலாம். இன்னொன்று: இறுகிய நிலையில் இருக்கும் சுருள் ஸ்பிரிங் ஆளைக் கொல்லக்கூடியது. கம்ப்ரெஸர் கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

வெட்டுவதற்குப் பதில் புதிதாகச் சுற்றி வாங்க முடியுமா?

முடியும், அதுவே மேல். பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் ஸ்பிரிங் சுற்றும் சிறு பட்டறைகளிடம் மாதிரியைக் கொடுக்கும்போது, கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், பாரமில்லாத உயரம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். கம்பித் தடிமனில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 12 மில்லிமீட்டர் கம்பி கையிருப்பில் இல்லை என்று 12.5 போட்டால், மற்றவை மாறாதபோது, 18 சதவீதம் விறைத்துவிடும்.

பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை எப்படித் தாழ்த்துவது?

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. பட்டைகளின் வளைவைக் குறைப்பது நல்ல வழி. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை கொடுப்பது பொறுத்துக்கொள்ளக்கூடிய வழி. ஒரு பட்டையைக் கழற்றிப் போடுவது மோசமான வழி. மூன்றாவதுதான் செலவில்லாதது என்பதால் அதிகம் செய்யப்படுகிறது.

பட்டை ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதோடு ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் வேலையையும் செய்கிறது. ஐந்து பட்டைகளில் ஒன்றை எடுத்தால் ஏறத்தாழ 20 சதவீதம் மென்மையாகும், மிச்சமுள்ள நான்கும் கால் பங்கு கூடுதலாகச் சுமக்கும். கிளட்சை விடும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு உதறுவதும், பின்னால் மூன்று பேர் ஏறியதும் வண்டி மூக்கைத் தூக்குவதும் இதன் விளைவுகள். இறங்கிய வண்டிக்கு விறைப்பு கொஞ்சம் கூட வேண்டும். இந்த வழியோ அதற்கு நேர்மாறாகப் போகிறது.

வளைவைக் குறைக்கும் வேலையைக் கலாசிப்பாளையம் பக்கத்தில் லாரிகளுக்குப் பட்டை அடிக்கும் பட்டறைகளில் நன்றாகச் செய்வார்கள்; காரின் பட்டை லாரிப் பட்டையைவிட மெல்லியது என்பதை மட்டும் நினைவூட்ட வேண்டும். கழற்றிய செட்டைத் தரையில் படுக்க வைத்து, மெயின் பட்டையின் வளைவைச் சாக்பீஸால் தரையிலேயே வரைந்துகொள்வார்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே, தேவையான அளவு தட்டையான இன்னொரு கோட்டை வரைந்து, சுத்தியலால் அங்குலம் அங்குலமாகச் சூடாக்காமல் அடித்து, பட்டையை எடுத்து எடுத்துக் கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். மெயின் பட்டைக்குச் செய்வதை அதற்கு அடுத்தடுத்த பட்டைகளுக்கும் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் நடுவில் போல்ட்டை முறுக்கும்போது பட்டைகளுக்கு இடையே வெளிச்சம் தெரியும். சேர்த்த பிறகு பிரஸ்ஸில் வைத்துச் சில முறை முழுவதும் அழுத்தி விட்டு, வளைவை மறுபடி அளந்து, அதன் பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டுகளும் புதியவையாக இருக்கட்டும். பட்டை தட்டையாகும்போது நீளும் என்பதால், அதன் பின்முனையைச் சேஸிஸோடு இணைத்து ஆடவிடும் ஷாக்கிளின் சாய்வு மாறும். வண்டி பாரத்துடன் நிற்கும்போது ஷாக்கிள் ஆடுவதற்கு இரு பக்கமும் இடம் இருக்க வேண்டும்.

ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் தன் காலில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பெரும்பாலான பட்டறைகள் லிஃப்டில் வைத்தே இறுக்கி அனுப்பிவிடுகின்றன; பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டை கொடுத்தால் வண்டி உயருமா, தாழுமா?

ஸ்பிரிங்கின் மேல் ஆக்சில் உட்கார்ந்திருந்தால் தாழும். ஆக்சிலின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தால் உயரும். குனிந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மரக்கட்டை வேண்டாம், சென்டர் போல்ட்டின் தலை உட்காரக் குழி எடுத்த எஃகு அல்லது அலுமினியக் கட்டையும், அதற்கேற்ற நீளமான யூ போல்ட்டும் வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

அம்பாசடரின் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இல்லையே?

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரிலிருந்து வந்த அமைப்பு அது. முறுக்குத் தண்டு, அதாவது டார்ஷன் பார். எதையும் வெட்டாமல், தண்டின் முனையை நகர்த்திப் பூட்டியே உயரத்தை மாற்றலாம் என்பது வசதி. அப்படி இறக்கும்போது விறைப்பு கொஞ்சமும் அதிகரிக்காது என்பது அதன் மறுபக்கம். ஆகவே அம்பாசடரின் முன்பக்கத்தை 25 மில்லிமீட்டருக்கு மேல் இறக்கினால் பம்ப் ரப்பரில் மோதும் சத்தத்தைத் தினமும் கேட்க நேரும். இடது தண்டை வலப்பக்கம் மாட்டிவிடாமல் கழற்றும்போதே குறியிட்டு வையுங்கள்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தாழ்த்தலாமா?

சென்னையில் உருவான இந்த வண்டிக்குத் தாழ்த்துவதால் நன்மையும் உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் பின்பக்கத்தில் ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் குறுக்கே படுத்திருக்கும். இரண்டு அரை ஆக்சில்களும் டிஃபரன்ஷியல் அருகிலிருந்து இறக்கை போல ஆடும். வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சட்டென்று வாலை வீசுவது இந்த அமைப்பின் பழைய குறை. பின்பக்கத்தைச் சற்று இறக்கினால் சக்கரங்களின் மேல்முனை உள்ளே சாய்ந்து, மடங்கும் நிலைக்குப் போவது தள்ளிப்போகிறது. ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் சாய்வு ஏறத்தாழ ஒரு டிகிரி மாறும் என்பதால் 20, 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். ஹெரால்டுக்குப் பின் அதே ஸ்டாண்டர்ட் நிறுவனத்திடமிருந்து 1972இல் வந்த கேஸல் காரில் பின்பக்கம் வழக்கமான ஒரே ஆக்சில் என்பதால் இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஸ்பிரிங்கைத் தொடாமல் டயரை மாற்றியே தாழ்த்த முடியாதா?

ஓரளவு முடியும். 165/80 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். 165/65 ஆர்14 போட்டால் 570. வண்டி 25 மில்லிமீட்டர் இறங்கும், பம்ப் ரப்பர் இடைவெளி அப்படியே இருக்கும். இரண்டு விலைகள் உண்டு. ஸ்பிரிங்கைத் தாழ்த்தும்போது குறையாத டிஃபரன்ஷியலின் தரை இடைவெளி, டயரைக் குறைக்கும்போது குறைந்துவிடும். ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும்: முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி 60 என்று காட்டும்போது வண்டி 55இல் போய்க்கொண்டிருக்கும். அழகைப் பற்றிச் சொன்னால், மட்கார்டுக்கும் டயருக்கும் இடையிலான வெற்றிடம் இதனால் கூடவே செய்யும். பலர் வண்டியைத் தாழ்த்த விரும்புவதே அந்த வெற்றிடத்தை மறைக்கத்தானே.

பழைய ஷாக் அப்சார்பரே போதுமா?

25 மில்லிமீட்டர் வரை பெரும்பாலும் போதும், அது கசியாமல் இருந்தால். அதற்கு மேல் இறக்கினால், பம்ப் ரப்பரில் மோதும் முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் முட்டும். அடுத்து உடைவது ஷாக் பொருத்திய இடத்தின் வெல்டிங். ஆகவே நீளம் குறைந்த ஷாக் தேட வேண்டும். ஜே.சி. ரோடு கடைகளுக்குப் போகும்போது, முழுவதும் மூடிய நீளம், முழுவதும் விரிந்த நீளம், இரு முனைகளின் அமைப்பு ஆகியவற்றை எழுதிக்கொண்டு போனால், வேறு வண்டியின் ஷாக் பொருந்துமா என்று பார்த்துக் கடைக்காரரே எடுத்துத் தருவார்.

இறக்கிய பிறகு எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

வீல் அலைன்மென்ட் கட்டாயம். உயரம் மாறியதும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி, டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, மாறிவிடும். மேடு பள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுத்தால் அதுவும் இதே காரணத்தால்தான். ஸ்டியரிங்கை இரு முனைகளுக்கும் ஒடித்து, முழுப் பாரத்துடன் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று பாருங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் உரசாமலும் மடங்காமலும் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவில் இறக்காவிட்டால் ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணிலோ மிகக் கிட்டத்திலோ விழும். ஒரு சுவருக்கு எதிரே நிறுத்திச் சரிசெய்துவிடலாம்.

சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டுத் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தொய்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவது பழுதுபார்ப்பு. சேஸிஸை வெட்டி ஆக்சிலுக்கு இடம் எடுப்பது சந்தேகமில்லாமல் மாற்றம். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஆய்வு செய்யும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தது. 15 ஆண்டுகள் கடந்த தனியார் கார் பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன் நிற்க வேண்டும் என்பதால், இதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலைக்கு முன்பே எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம்.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டி என்றால் இன்னொரு யோசனையும் தேவை. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு பெற வண்டி தன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்த வண்டிக்கு அது கிடைக்காது. அந்தப் பதிவை விரும்புகிறவர் தாழ்த்தும் ஆசையை விட்டுவிட வேண்டும்.

தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியைத் தாழ்த்திய பின் கர்நாடகப் பதிவுக்கு மாற்றலாமா?

வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே பதிவெண் பெற வேண்டும். அப்போது வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பதிவு மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பிறகு யோசியுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

நிறுத்தும்போது தாழ்ந்தும் ஓடும்போது உயர்ந்தும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பழைய டைனமோ வைத்த வண்டியில் கம்ப்ரெஸர் இழுக்கும் மின்சாரத்துக்கு வழி தேட வேண்டும், காற்றுப் பை பொருத்தச் சேஸிஸில் வெல்டிங் செய்ய வேண்டும், மேலே சொன்ன சட்டச் சிக்கலிலும் நேராகப் போய் விழ வேண்டும். நான் பரிந்துரைப்பதில்லை.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

எடைக்குப் போடாதீர்கள். வண்டியை விற்கும்போதும், ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு முன்பும், சில சமயம் மழைக்காலத்திலும் அவை தேவைப்படும். வெட்டாத அசல் சுருள் ஸ்பிரிங்குகள் சிவாஜி நகர்ப் பழைய சாமான் கடைகளில் இப்போது ஜோடியாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தொய்ந்தவையாக இருக்கும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, கிரீஸ் தடவி, கோணியில் சுற்றி, இடது, வலது என்று பெயின்டால் எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஷாக் அப்சார்பர்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.